யூதர்களின் மரப் புத்தாண்டான தூ பிஷ்வாத் எந்த நாளில் வருகிறது, ஏன் அந்த நாள்?

கேள்வி: கொன்றைவனம்

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு சமயங்களில் மரங்களுக்கென ஒதுக்கப்பட்ட நாள்களைப் பற்றி ஒரு பள்ளி இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். யூதர்கள் கொண்டாடும் தூ பிஷ்வாத் என்ற நாளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் தேதியிலேயே குழப்பம் வந்துவிட்டது. 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 13, 2026-இல் பிப்ரவரி 2 என்று பார்த்தேன். ஓராண்டு பின்னே தள்ளிப்போய், அடுத்த ஆண்டு முன்னே வருவதற்கு விதி ஏதேனும் உண்டா?

யூதர்களின் புத்தாண்டாகிய ரோஷ் ஹஷனா செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருவதாக அறிவேன். அப்படியிருக்க, மரங்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு புத்தாண்டு எதற்காக ஏற்பட்டது? அதுவும் அத்தி, மாதுளை, திராட்சை ஆகியவை இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் குளிர்காலத்தின் நடுவில் ஏன் வைத்தார்கள்? அன்று மரக்கன்று நடுவது பழங்காலந்தொட்டு வரும் வழக்கம்தானா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வளர்பிறை

தேதியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றை என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எபிரேய நாள்காட்டியில் இந்த நாள் நகர்வதே இல்லை. எல்லா ஆண்டுகளிலும் அது சேபாத் மாதத்தின் 15-ஆம் நாள்தான். 15 என்ற எண்ணை எபிரேய எழுத்துகளால் எழுதிப் படிப்பதே ‘தூ’, சேபாத்தில் என்பதே ‘பிஷ்வாத்’ என்பதால், நாளின் பெயரே அதன் தேதியாகவும் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் சகரியாவின் நூலில் பதினோராம் மாதம் என்று குறிப்பிடப்படும் சேபாத் இதுவே. ஆங்கில நாள்காட்டியை வைத்துப் பார்க்கும்போதுதான் நாள் இடம் மாறுவதாகத் தோன்றுகிறது.

எபிரேய மாதங்கள் நிலவைப் பின்பற்றுவதால் 29 அல்லது 30 நாள்கள் கொண்டவை. பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 354 நாள்கள்தான் வரும். சூரிய ஆண்டுக்கு அது 11 நாள் குறைவு. இந்தக் குறையை அப்படியே விட்டுவிட்டால் பண்டிகைகள் பருவம் மாறிப் போய்விடும் என்பதால், 19 ஆண்டுகளில் 7 முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்க்கிறார்கள். அந்த அதிக மாதம் முதலாம் ஆதார் எனப்படுகிறது. அது சேபாத் முடிந்த பிறகே நுழைகிறது என்பதுதான் உங்கள் குழப்பத்துக்கு விடை. 2024 ஓர் அதிக மாத ஆண்டு. ஆனால் ஜனவரி 25-இல் தூ பிஷ்வாத் வந்துபோன பிறகுதான் அதிக மாதம் சேர்ந்தது. ஆகவே அதன் விளைவு அடுத்த ஆண்டில் தெரிந்து, 2025-இல் பிப்ரவரி 13 வரை நாள் தள்ளிப்போயிற்று. பிறகு 2026-இல் பிப்ரவரி 2, 2027-இல் ஜனவரி 23 என்று முன்னோக்கி வருகிறது. 2027-இலும் அதிக மாதம் உண்டு என்பதால் 2028-இல் மீண்டும் பிப்ரவரி 12-க்குப் போகும். ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை என்ற எல்லைக்குள்ளேயே நாள் ஊசலாடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதலாம்.

எபிரேய நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். 2026-இல் பிப்ரவரி 2 என்று அச்சிட்டிருந்தால், பிப்ரவரி 1-ஆம் தேதி மாலையிலேயே அது தொடங்கிவிட்டது என்று பொருள். மாதத்தின் நடுநாள் ஆகையால் வானில் எப்போதும் முழுநிலவையொட்டியே இருக்கும். இதனால் பல ஆண்டுகளில் தைப்பூசத்துக்கு ஓரிரு நாள் முன்பின்னாக இது வருவதைக் காணலாம். 2024-இல் இரண்டுமே ஜனவரி 25-இல் வந்தன. இரண்டு பஞ்சாங்கங்களும் ஒரே நிலவைப் பார்த்துக் கணிக்கப்படுவதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை என்பதால், இதிலிருந்து சமயத் தொடர்பு எதையும் வருவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

உங்கள் இரண்டாம் கேள்விதான் இந்த நாளின் உயிர்நாடி என்பது என் எண்ணம்; ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தூ பிஷ்வாத் விவிலியத்தில் எங்கும் இல்லை. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில்தான் அது முதலில் தலைகாட்டுகிறது. அங்கே ரோஷ் ஹஷனா என்ற பகுதி, ஓராண்டுக்கு நான்கு புத்தாண்டுகள் உண்டு என்ற வாக்கியத்தோடு தொடங்குகிறது. அரசர்களின் ஆட்சியாண்டுக்கும் பண்டிகைகளின் வரிசைக்கும் நிசான் மாத முதல் நாள், கால்நடைகளில் தசமபாகம் என்னும் பத்தில் ஒரு பங்கைப் பிரிப்பதற்கு எலூல் மாத முதல் நாள், ஆண்டுக் கணக்குக்கும் நிலத்தை ஓய்வுக்கு விடும் ஏழாம் ஆண்டுக்கும் காய்கறிகளுக்கும் திஷ்ரி மாத முதல் நாள், மரத்துக்குச் சேபாத். நம் நாட்டில் ஜனவரி 1 புத்தாண்டாக இருக்கும்போதே ஏப்ரல் 1-இல் நிதியாண்டு பிறப்பதைப் போன்ற ஏற்பாடு இது. தொடக்கத்தில் இந்த நாளில் விழாவும் இல்லை, விருந்தும் இல்லை. விளைச்சல் கணக்கை முடித்துப் புதுக் கணக்கைத் தொடங்கும் நாளாகவே அது இருந்தது.

எதற்காக அந்தக் கணக்கு என்றால், பழந்தோட்டக்காரர் தம் விளைச்சலிலிருந்து பிரித்து வைக்க வேண்டிய பங்கு ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஏழாண்டுச் சுற்றில் 1, 2, 4, 5-ஆம் ஆண்டுகளில் இரண்டாம் தசமபாகம் என்ற பங்கை எருசலேமுக்குக் கொண்டுசென்று அங்கேயே உண்ண வேண்டும். 3, 6-ஆம் ஆண்டுகளில் அதே பங்கு ஏழைகளுக்குச் சேர வேண்டும். ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. ஓர் ஆண்டின் பழத்துக்குரிய பங்கை இன்னோர் ஆண்டின் பழத்திலிருந்து எடுத்து ஈடுகட்டவும் கூடாது. ஆகையால் மரத்தில் தொங்கும் ஒரு காய் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லத் தக்க ஒரு நாள் தேவைப்பட்டது. காய்கறியானால் பறித்த நாளை வைத்து முடிவு செய்தார்கள். மரமானால் பிஞ்சு பிடித்த காலத்தை வைத்து முடிவு செய்தார்கள். மூன்றாம் ஆண்டின் சேபாத் 15-க்கு முன்பே பிஞ்சு பிடித்த கனி, கோடையில் பழுத்துப் பறிக்கப்பட்டாலும் இரண்டாம் ஆண்டின் கணக்கில் சேர்ந்து எருசலேமுக்குப் போகும். அதற்குப் பின் பிஞ்சு பிடித்ததோ ஏழையின் பங்காகிவிடும்.

இனி, குளிர்காலத்தில் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். மிஷ்னாவிலேயே இதில் கருத்து வேறுபாடு பதிவாகியிருக்கிறது. ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு பழைய சமய ஆசான்களின் வழியினர் இதில் மாறுபட்டார்கள். ஷம்மாயின் வழியினர் சேபாத் முதல் நாள் என்றார்கள். ஹில்லேலின் வழியினர் 15-ஆம் நாள் என்றார்கள். ஹில்லேலின் வழியே நிலைத்தது. சேபாத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, மிஷ்னாவின் விரிவுரை நூலாகிய தல்மூது தரும் காரணம், குளிர்காலம் இன்னும் பெருமளவு எஞ்சியிருந்தாலும் அந்த ஆண்டின் மழையில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்துவிடுகிறது என்பதுதான். இஸ்ரேல் நிலத்தில் மழை அக்டோபரையொட்டித் தொடங்கி வசந்தத்தோடு நின்றுவிடும்; கோடையில் ஒரு துளியும் விழாது. எருசலேம் தல்மூது என்ற அதன் இன்னொரு வடிவம் இன்னும் அழகாக, அந்த நாள் வரை மரங்கள் கடந்த ஆண்டின் நீரால் வாழ்கின்றன என்றும், அதன்பின் வரும் ஆண்டின் நீரால் வாழத் தொடங்குகின்றன என்றும் கூறுகிறது. கண்ணுக்கு மொட்டையாகத் தெரியும் மரம் வேரில் புது ஆண்டைத் தொடங்கிவிட்டது என்பது அதன் கருத்து. நீங்கள் குறிப்பிட்ட அத்தியும் மாதுளையும் அப்போது உறங்கினாலும் வாதுமை மரம் மட்டும் இலை விடுவதற்கு முன்பே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிடுகிறது. மழையை வைத்து நாளைக் குறித்தவர்களின் கணிப்புக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தக் கருத்து வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சியைத் தல்மூது சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி அது. நாரத்தை இனத்தைச் சேர்ந்த எத்ரோக் மரமாக இருந்தாலும், தசமபாகத்துக்கு மட்டும் காய்கறியைப் போலப் பறித்த நாளைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்ற கருத்து உண்டு. ரபி அக்கிவா என்னும் சமய ஆசான் ஒரு சேபாத் முதல் நாளில் எத்ரோக் பழத்தைப் பறித்தார். ஷம்மாய் வழியினரின் கணக்குப்படி அன்றே புது ஆண்டு பிறந்துவிட்டது. ஹில்லேல் வழியினரின் கணக்குப்படி பழைய ஆண்டு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் இரு தரப்பையும் மதித்து ஒரே பழத்துக்கு இரண்டு ஆண்டுகளின் தசமபாகத்தையும் பிரித்தார். நாள் குறிப்பதில் எவ்வளவு கவனம் இருந்தது என்பதை உங்கள் மாணவர்கள் இந்த ஒரு பழத்தை வைத்தே புரிந்துகொள்வார்கள்.

இளமரங்களின் வயதைக் கணக்கிடவும் இந்த நாள் வேண்டியிருந்தது. லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரப்படி, நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணக்கூடாது. நான்காம் ஆண்டின் கனி புனிதமானது. ஐந்தாம் ஆண்டு முதல் தாராளமாக உண்ணலாம். ரோஷ் ஹஷனாவுக்கு 44 நாள்கள் முன்னதாக நடப்பட்ட கன்றுக்கு அந்தச் சிறுபொழுதே ஓர் ஆண்டாகக் கொள்ளப்படும். ஆனால் மூன்று ஆண்டுகள் முடிந்த பின்னும், அடுத்த சேபாத் 15-க்கு முன் பிஞ்சு பிடித்தவை விலக்கப்பட்டவையாகவே கருதப்படும். இஸ்ரேலில் சமய விதிகளைப் பின்பற்றும் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

கொன்றைவனம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இதைப் படித்ததும் இன்னொரு கேள்வி எழுகிறது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டு, யூதர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்தை விட்டே விலகி வாழ நேர்ந்த பிறகு, தசமபாகக் கணக்குக்கான ஒரு நாள் எப்படி அழியாமல் நின்றது? கனிகளை உண்ணும் நாளாக அது எப்போது மாறியது?

மறுமொழி: ஒலிவக்கிளை

புத்தாண்டு என்று மிஷ்னா ஒரு நாளுக்குப் பெயர் சூட்டிவிட்டதால், அந்தப் பெயருக்குரிய மதிப்பு நாளோடு ஒட்டிக்கொண்டது. கி.பி. 1000-ஐ ஒட்டி ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபேனு கெர்ஷோம் என்ற சமய அறிஞரிடம் ஒரு சமூகத்தார், தாங்கள் விதித்துக்கொண்ட நோன்பு நாள் தூ பிஷ்வாத்தில் விழுகிறதே என்று கேட்டபோது, புத்தாண்டு என்று அழைக்கப்படும் நாளில் நோன்பு கூடாது, அதைத் தள்ளிவையுங்கள் என்று அவர் தீர்ப்பளித்தார். இன்றும் அன்றைய வழிபாட்டில் தஹனூன் என்னும் மன்றாட்டுப் பகுதியைச் சொல்வதில்லை. வேலை செய்யத் தடை ஏதும் இல்லை. சிறப்பு வாசிப்பும் இல்லை. சமயச் சட்ட அளவில் இது மிகச் சிறிய நாள்தான்.

கனிகளை உண்பது ஐரோப்பிய யூதர்களிடையே நிலைபெற்ற வழக்கம். பனி மூடிய போலந்திலும் லித்துவேனியாவிலும் அந்தப் பருவத்தில் புதிய கனி கிடைக்காது. ஆகவே மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வரும் உலர்ந்த பழங்களையே நம்பியிருந்தார்கள். அவற்றுள் முதன்மையானது கரோப் என்ற மரத்தின் நெற்று. அதைப் போக்சர் என்று அழைத்தார்கள். பார்ப்பதற்கு நம் வாகை நெற்றைப் போலத் தட்டையாகவும், கரும்பழுப்பாகவும், கடிக்கப் பல் வலிக்கும் அளவுக்குக் கடினமாகவும் இருக்கும்; மென்றால் இனிப்பு மெல்ல ஊறும். மாதக்கணக்கில் கெடாது என்பதே அது தொலைதூரம் பயணம் செய்ததற்குக் காரணம். பிறந்து வளர்ந்த ஊரில் அந்த மரத்தையே கண்டிராத குழந்தைகளுக்கு, முன்னோர் வாழ்ந்த நிலத்தின் சுவை அந்த நெற்றின் வழியாகத்தான் கிடைத்தது.

விருந்து முறையாக வளர்த்தவர்கள் கப்பாலா என்ற யூத மறைஞான மரபினர். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் செழித்த அவர்களுடைய சிந்தனை மரபிலிருந்து தூ பிஷ்வாத் செதேர் என்னும் விருந்துச் சடங்கு உருவாயிற்று. அதன் முறையை விவரிக்கும் ‘பெரி எத்ஸ் ஹதார்’ என்ற சிறுநூல் 18-ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. பஸ்கா பண்டிகையின் இரவு விருந்தைப் போலவே இதிலும் நான்கு கிண்ணம் திராட்சை இரசம் உண்டு. முதல் கிண்ணம் முழுவதும் வெள்ளை. இரண்டாவதில் சிறிது சிவப்பு கலக்கும். மூன்றாவதில் சிவப்பு மிகும். நான்காவது ஏறக்குறைய முழுச் சிவப்பு. குளிர்காலத்தின் வெளிறிய நிலத்தில் படிப்படியாக நிறம் ஏறுவதை அந்தக் கிண்ணங்களில் காண்பதாகச் சொல்வார்கள். கனிகளும் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. மாதுளை, வாதுமை, அக்ரூட் போன்று வெளியே ஓடு அல்லது தோல் விலக்க வேண்டியவை முதல் வகை. ஒலிவம், பேரீச்சை போன்று உள்ளே கொட்டை விலக்க வேண்டியவை இரண்டாம் வகை. அத்தி, திராட்சை போன்று முழுவதும் உண்ணத் தக்கவை மூன்றாம் வகை. படைப்பின் அடுக்குகள் புறக்கவசத்திலிருந்து விடுபட்டு மேலேறுவதை இவை குறிக்கின்றன. நான்காவதாகிய மிக உயர்ந்த அடுக்குக்குக் கனியே வைப்பதில்லை.

மறுமொழி: கொங்கணக்கரை

வளர்பிறை அவர்கள் சொன்னபடி தைப்பூசத்தோடு தொடர்பு தேட வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவுக்கும் இந்த நாளுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. அது மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களுடையது. தங்கள் முன்னோர் வந்த கப்பல் அலிபாக்கை அடுத்த நவ்காவ் அருகே உடைந்தது என்பதும், பிழைத்துக் கரையேறிய சிலரிடமிருந்தே தங்கள் குலம் தழைத்தது என்பதும் அவர்களுடைய மரபுச் செய்தி. மராத்தி பேசும் இச்சமூகத்தாருக்குத் தூ பிஷ்வாத் என்பது எலியா தீர்க்கதரிசியின் நாள். அலிபாக் பக்கத்தில் உள்ள கண்டாலா என்ற சிற்றூரில் ஒரு பாறை இருக்கிறது. புகழ்பெற்ற மலைவாழிடமான கண்டாலா வேறு, இது வேறு. எலியா அங்கே தோன்றி வானுக்கு ஏறிச் சென்றார் என்றும், பாறையில் காணப்படும் தடங்கள் அவருடைய தேரும் குதிரையும் பதித்தவை என்றும் நம்புகிறார்கள். இந்த நாளில் அங்கே கூடி வழிபடுகிறார்கள்.

அன்று தவறாமல் செய்யும் படையல் மலீதா. மும்பையில் என் அடுத்த வீட்டார் இச்சமூகத்தவர் என்பதால் அதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவலைக் கழுவி நீரை வடித்து, அது மென்மையாக ஊறியதும் சர்க்கரை, துருவிய தேங்காய், ஏலக்காய்த்தூள், நறுக்கிய முந்திரி, பாதாம் ஆகியவற்றைச் சேர்த்து விரல் நுனியால் கிளறுகிறார்கள். அகன்ற தட்டில் அதைக் குவித்து, சுற்றிலும் வாழை, ஆப்பிள், பேரீச்சை என்று பழங்களை அடுக்கி ரோஜா இதழ்களைத் தூவுகிறார்கள். எலியாவைப் போற்றும் எபிரேயப் பாடலுக்குப் பின், மரத்தின் கனிக்கு ஓர் ஆசி, நிலத்தின் விளைவுக்கு ஓர் ஆசி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறார்கள். திருமணம், புதுமனை போன்ற நற்காரியங்களிலும் மலீதா உண்டு என்றாலும், கனிகளின் நாளும் தீர்க்கதரிசியின் நாளும் ஒரே தட்டில் சேர்வது இந்த ஒரு நாளில்தான். இச்சமூகத்தாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டார்கள். அவல் குவித்த தட்டையும் உடன் கொண்டுசென்றிருக்கிறார்கள். உங்கள் பள்ளி இதழில் இதற்குக் கட்டாயம் இடம் கொடுங்கள்.

மறுமொழி: கானகத்தான்

கன்று நடும் வழக்கத்தைப் பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. அது மிகவும் புதியது. 1890-இல் சிக்ரோன் யாக்கோவ் என்ற குடியிருப்பில் ஆசிரியராக இருந்த செயேவ் யாவெட்ஸ் தம் மாணவர்களை அழைத்துச் சென்று இந்த நாளில் மரம் நட்டார். 1908-இல் ஆசிரியர் சங்கம் அதைப் பள்ளிகளின் வழக்கமாக்கியது. நிலம் வாங்கிக் காடு வளர்க்கும் அமைப்பான யூத தேசிய நிதியம் அதைப் பேரியக்கமாக வளர்த்தது. இஸ்ரேலின் நாடாளுமன்றமாகிய கெனெசெத் 1949 பிப்ரவரி 14-இல் முதன்முதலாகக் கூடியதும் ஒரு தூ பிஷ்வாத் நாளில்தான்.

நடவின் மறுபக்கத்தையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். விரைவில் வளரும் என்பதற்காக அலெப்போ பைன் மரத்தையே பெரும் பரப்புகளில் நட்டார்கள். ஒரே இனம் அடர்ந்த காடு பூச்சிக்கும் நெருப்புக்கும் எளிதில் இரையாகும். 2010 டிசம்பரில் கார்மேல் மலையில் பரவிய காட்டுத்தீ 44 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பிற்காலத்தில் கருவாலி, கரோப் போன்ற மண்ணுக்குரிய இனங்களைக் கலந்து நடும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். இதைவிட வேதனையானது, 1948-இல் பாலஸ்தீன மக்கள் வெளியேற நேர்ந்த ஊர்கள் சிலவற்றின் மேல் காடுகள் எழுந்தது. கலிலேயாவில் லூபியா என்ற ஊரின் இடிபாடுகள் அப்படி ஒரு காட்டுக்குள்தான் இருக்கின்றன. 2022 ஜனவரியில் இஸ்ரேலின் தெற்கிலுள்ள நெகேவ் பாலைநிலப் பகுதியில் நடவு தொடங்கியபோது, அது தங்கள் நிலம் என்று அரபு நாடோடி மரபினரான பெதுயின் மக்கள் போராடினார்கள், நடவு நிறுத்தப்பட்டது. போர்க்காலத்திலும் கனிமரத்தை வெட்டாதே என்று உபாகமத்தின் 20-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையைப் போற்றும் ஒரு மரபைப் பற்றி எழுதும்போது, மரம் நடுவதாலேயே சிலருடைய நிலமும் ஒலிவத் தோப்பும் கைவிட்டுப் போனதை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை.

கொன்றைவனம்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் அனைவரும் சொன்னவற்றையும், குறிப்பாக மலீதாவையும் நெகேவ் செய்தியையும், கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: எங்கள் இதழ் 2027 ஜனவரியில் வெளிவருகிறது. அந்த ஆண்டு ஜனவரி 23 சனிக்கிழமை ஆயிற்றே. ஓய்வுநாளில் மரம் நடலாமா?

மறுமொழி: வளர்பிறை

நடக்கூடாது. ஓய்வுநாளில் நடுவது விலக்கப்பட்ட வேலை. அன்று கனிகளை உண்பார்கள், ஆசி சொல்வார்கள். கன்று நடுவதை அதையடுத்த வார நாள்களில் வைத்துக்கொள்வார்கள். 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறையும்போது நாள் தொடங்கும் என்று குறிப்பிடுங்கள். வரும் ஆண்டுகளின் பட்டியலையும் வெளியிடுவதாக இருந்தால், 2029 ஜனவரி 31-க்கு எதிரே ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்: அது நிலத்துக்கு ஓய்வு தரும் ஏழாம் ஆண்டில் விழுகிறது. சமய விதியைக் கடைப்பிடிப்பவர்கள் அந்த ஆண்டு முழுவதும் இஸ்ரேலின் மண்ணில் புதுக் கன்று எதையும் ஊன்ற மாட்டார்கள். இருக்கும் மரங்கள் வாடாமல் நீர் பாய்ச்சுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.